ஏழாம் காண்டத்தின் கடைசி நான்கு வரி

மாகுணி பரிடாவின் பெயர் அந்தப் பாட்டில் எங்கும் இல்லை. ‘மூத்தவன்’ என்று மட்டும்தான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

பாட்டு மொத்தம் இருபத்திரண்டு காண்டம். கண்ணன் கோகுலத்துக்கு வருவதில் தொடங்கி, அவன் விட்டுப் போனபின் ஊர் எப்படிக் கிடந்தது என்பதில் முடியும். பாடியவன் மாகுணியின் தம்பி சக்ரதரன். ஒவ்வொரு காண்டத்தின் முடிவிலும் அவன் தன் பெயரைச் சொல்லி, தன்னைப் போல ஒரு பாவி பூமியில் இல்லை என்று நாலு வரி புலம்பிவிட்டு நிறுத்துவான். பக்திப் பாட்டுக் கட்டுகிற எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். அந்த இடம் வந்ததும் கேட்பவர்கள் தலையைத் தரையில் தொட்டு எழுவார்கள். ஏழாம் காண்டம் இப்படி முடியும்:

மூத்தவன் கோலெடுத்து அடித்துத் துரத்த
வீதியில் நின்றேன், வாசல் எனக்கில்லை;
கடையினும் கடையன் சக்ரதரன் கேட்கிறேன்,
கரியவனே, உன் வாசலும் அடைப்போ?

மாகுணியின் ஊரான பாலிபடாவில் அந்திதோறும் துங்கி என்கிற வாசிப்புக் கொட்டகையில் சுவடி வாசிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு காண்டம். இருபத்திரண்டு நாளைக்கு ஒருமுறை ஏழாம் காண்டம் வரும். அன்றைக்கும் மாகுணி போவார். போகாவிட்டால் ‘இன்னைக்கு அவரு வரமாட்டாரு’ என்று பேசுவார்கள். போனால் அந்த நாலு வரியில் எல்லாத் தலையும் தரைக்குப் போகும், அவர் தலையும் போகும், நிமிரும்போது ஒருவரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் படுகிற பாடுதான் அவருக்குத் தாங்காது. சுவடி ஊருக்கு வந்ததிலிருந்து இப்படிப் பத்தொன்பது வருஷம்.

வயலில் அவர் மாட்டை விரட்டக் கோலை ஓங்கினால், பக்கத்து வயலில் நாற்று நடுகிறவர்கள் முதல் வரியை மெல்ல எடுப்பார்கள். கெட்டவர்கள் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நடுகிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். கடைசி மகள் கேதகிக்கு வரன் வந்தபோதுதான் பொறுக்க முடியாமல் போனது. பிராசி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நடபர சுவாயின் வந்தார். பெண்ணைப் பார்த்தார், மாட்டுக்கொட்டிலைப் பார்த்தார், இரண்டிலும் குறை சொல்லவில்லை. பொரியும் வெல்லமும் தின்றார். தண்ணீர் குடிக்கும்போதுதான் கேட்டார்.

“சக்ரதர தாஸ் பொறந்த வீடு இதானாமே?”

“ஆமா.”

“அப்ப அந்த மூத்தவரு...”

“நான்தான்.”

நடபர சுவாயின் செம்பைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். முகத்தில் வருத்தம் இருந்தது.

“எங்க வீட்ல தினம் அந்தப் பாட்டு ஓடுது. எங்கப்பா சாகும்போது கேட்ட பாட்டு. ஒரு பக்தனை அடிச்சு வெளிய தள்ளின வீட்ல பொண்ணு எடுத்தேன்னு சொன்னா, எம் பொஞ்சாதியே எனக்கு அடுப்பு மூட்ட மாட்டா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“எடுத்துக்கல.”

“அவரு உசிரோட இருக்காருல்ல? அவரே வந்து, நிர்மால்யத்தைக் கையில வச்சுக்கிட்டு, அண்ணன் மேல குத்தமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே நான் தேதி குறிக்கிறேன்.”

நிர்மால்யம் என்பது புரிக் கோயிலில் பெரியவர் என்கிற சாமிக்குப் படைத்துக் காயவைத்த சோறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னவன் கை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சும் அதை வாயில் போட்டால்தான் முடிந்ததாகும்.

மாகுணி மறுநாளே கிளம்பினார். புரிக்குப் போகும் பாதையில் ஒரு மடத்தில் தம்பி கிடக்கிறான் என்று யாத்திரிகர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் நடை. ஐம்பத்தாறு வயதில் இரண்டு நாள் நடை நான்கு நாளானது.

சக்ரதரன் மடத்துக் கிணற்றடியில் கால்களை வாளித் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தன. தலை மொட்டை. கழுத்தில் துளசி மணி. சுற்றிலும் நாலைந்து பேர் கைகட்டி நின்றார்கள், அவன் ஏதாவது சொல்வான் என்று. அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நடையை வைத்து.

“இன்னும் வலது காலை இழுத்துத்தான் நடக்கற,” என்றான்.

“உனக்கு ரெண்டுமே இழுக்காது போலிருக்கே.”

“நீர் கோத்துக்கிச்சு. உக்காரு அண்ணே.” கைகட்டி நின்றவர்களைப் பார்த்து, “போங்கப்பா, இவரு எங்கூட்டு ஆளு,” என்றான். அவர்கள் போனார்கள், போகும்போது மாகுணியை ஒருமுறை பார்த்துவிட்டு.

மாகுணி கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தார்.

“அண்ணி?”

“இருக்கா.”

“உன் பயல் புதியா எப்படி இருக்கான்? அவனுக்கே இப்ப புள்ளைங்க இருக்கணுமே.”

மாகுணி தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். இவனுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

“செத்துட்டான். அந்த வருஷமே. வெயில் ஏறுறதுக்கு முன்னால.”

“என்னாச்சு?”

“என்னாகும்? சோறில்ல. அவளுக்குப் பால் வத்திப்போச்சு. காட்டுக் கிழங்கு அவிச்சுக் குடுத்தோம். வயித்தால போச்சு.”

சக்ரதரன் வாளியிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்த வருஷம் ஏன் சோறில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மழைக்காலத்தில் பிராசி ஏறிக்கொண்டிருந்தபோது வரப்புக் காவலுக்கு அவனைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அவனிடம் ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. மடைக்குப் பக்கத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை. ஒரு கூடை மண் போட்டிருந்தால் அடைந்திருக்கும். தண்ணீர் தன் காலைத் தொட்டபிறகுதான் அவன் ஓலையிலிருந்து தலையை எடுத்தான். அதற்குள் வயல் முழுக்கக் குளமாகிவிட்டது. காலையில் மாகுணி வந்து பார்த்தார், மாட்டுக் கோலால் அடித்தார், இனி வாசலில் நிற்காதே என்றார். அடித்ததும் உண்மை, துரத்தியதும் உண்மை. பாட்டில் ஓட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

“நீ யார்கிட்டயும் சொல்லலையா?” என்றான் சக்ரதரன்.

“முதல்ல ஊருக்கே தெரியும். தெரிஞ்சவங்க செத்துட்டாங்க. பாட்டு சாகல.”

பிறகு மாகுணி வந்த காரியத்தைச் சொன்னார். நாலு வரியை வெட்ட வேண்டும், நடபர சுவாயின் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். சக்ரதரன் உடனே சரி என்றான். அவன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றதில் மாகுணிக்குக் கோபம் வந்தது. முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

மாட்டுவண்டி பிடித்து ஊருக்கு வந்தார்கள். ஊர் எல்லையிலேயே பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் வந்தது. மாகுணி வண்டிக்குப் பின்னால் நடந்தார். வண்டியில் இடம் இருந்தது, ஏறச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

துங்கியில் சுவடி வாசிப்பவர் பாசு பண்டா. ஒல்லியான பிராமணர், குரல் மட்டும் பெரியது. சக்ரதரன் வண்டியை விட்டு இறங்கி நேராக அவரிடம் போனான்.

“ஏழாங் காண்டத்துல கடைசி நாலு வரி எடுக்கணும். சுவடியைக் குடுங்க.”

பாசு பண்டா சுவடி இருந்த மரப்பீடத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷச் சந்தனம் மேலட்டையில் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. துளசி, செம்பருத்தி, விளக்கு.

“எதை வச்சு எடுப்பீங்க?”

“எழுத்தாணியாலதான்.”

“தினம் பூசை நடக்குது, தாசரே. போன வருஷம் வெள்ளம் வந்தப்ப உங்கண்ணன்தான் இதைத் தலையில வச்சுக் கழுத்தளவு தண்ணியில கொண்டுபோனாரு. சாமின்னுதானே கொண்டுபோனாரு? சாமி உடம்புல இரும்பை வைக்கச் சொல்றீங்களா?”

“நான் எழுதினதுங்க இது.”

“சிலை செஞ்ச தச்சன் கர்ப்பகிருகத்துல போய், மூக்கு சரியில்ல, செதுக்கறேன்னு சொல்ல முடியுமா?”

சக்ரதரன் சிரித்தான். சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை. “வாசிக்கும்போதாவது விட்டுட்டு வாசிங்க.”

“நான் விடலாம். இவங்க விடுவாங்களா?” சுற்றி நின்றவர்களைக் காட்டினார் பாசு பண்டா. “எல்லாருக்கும் மனப்பாடம். அதுவும் அந்த நாலு வரி, குழந்தை பேச ஆரம்பிக்கும்போதே பேசுது. கோகாபடாவுல ஒரு சுவடி, நியாலிப் பக்கம் ரெண்டு, புரியில எத்தனைன்னு உங்களுக்கே தெரியாது. எங்க எங்க போய் வெட்டுவீங்க, இந்தக் காலை வச்சுக்கிட்டு?”

வீட்டுக்கு நடக்கும்போது சக்ரதரன் சொன்னான், “அண்ணே, அதை நான் ஒரே மூச்சுல எழுதினது. முதுகு எரிஞ்சுது. எரிச்சல் போகட்டும்னு எழுதினேன்.”

“போச்சா?”

“போச்சு. அடுத்த வாரமே.”

மாகுணி காலை இழுத்து நடந்தார். வரி போகாவிட்டால் போகட்டும், நிர்மால்யம் இருக்கிறது. நடபர சுவாயின் கேட்டது அதைத்தான்.

மூன்றாம் நாள் முற்பகலில் நடபர சுவாயின் வந்தார், அக்கரையிலிருந்து பெரிய மனிதர்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு. மாகுணியின் முற்றத்தில் பாய் விரித்தார்கள். சக்ரதரன் வந்திருக்கிறான் என்று பாதி ஊர் வேலியோரம் நின்றது. மாகுணியின் மனைவி தாளிம்பா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உரலில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வந்து மூன்று நாளில் அவனுக்கு வேளை தவறாமல் சோறு போட்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நடபர சுவாயின் சக்ரதரனின் காலைத் தொட்டு வணங்கினார். வீக்கத்தைப் பார்த்து, “பெரியவரைப் பாக்க நடந்து நடந்து வந்த கால்,” என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை அவிழ்த்து, நிர்மால்யத்தைச் சக்ரதரனின் உள்ளங்கையில் வைத்தார்.

“தாசரே, கேக்கறதுக்கு மன்னிக்கணும். உங்கண்ணன் உங்களை அடிச்சுத் துரத்தினது உண்டா?”

“உண்டு,” என்றான் சக்ரதரன்.

வேலியோரம் ஒரு பெருமூச்சு ஓடியது.

“அடிச்சாரு. அடிச்சது நியாயம். குத்தம் என்னுது. நடந்ததை அப்படியே சொல்றேன், கேளுங்க.”

சொன்னான். சுற்றிவளைக்காமல் சொன்னான். வரப்புக் காவல், ஓலை, விரல் நுழைகிற ஓட்டை, ஒரு கூடை மண், அடியோடு போன நெல். கிழங்கு தின்ற பிள்ளையையும் சொன்னான். “என்னாலதான் செத்தான். அண்ணன் ஒருத்தரை அடிச்சாரு. நான் ஒருத்தனைக் கொன்னேன். பாட்டுல என் முதுகைப் பத்தி எழுதினேன், அதை எழுதல. என்னைவிடக் கேவலமானவன் இந்த ஊர்ல பொறக்கல.”

மாகுணி கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டார்கள். அடுக்களையில் உரல் நின்றிருந்தது.

கண்ணைத் திறந்தபோது நடபர சுவாயின் அழுதுகொண்டிருந்தார். கூட வந்த ஐந்து பேரும் தலையைத் தரையில் தொட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்றவர்களும் அப்படியே. ‘ஹரி போல்’ என்றார் ஒருவர். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

மாகுணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“கேட்டீங்களா?” நடபர சுவாயின் தன் ஆட்களிடம் திரும்பினார். “அடிச்சவனை விட்டுட்டு அடிபட்டவரு பாவத்தைத் தன் தலைல போட்டுக்கறாரு. ஒரு பிள்ளை செத்ததைக்கூட. இவருல்ல பக்தன்.”

“நான் நெஜமாத்தான் சொல்றேன்,” என்றான் சக்ரதரன்.

“தெரியும், தாசரே. உங்களுக்கு அது நெஜம்தான்.”

“நிர்மால்யம் என் கையில இருக்கு.”

“தன்னைத் தாழ்த்திக்கறது பொய் ஆகுமா?” என்றார் ஐந்து பேரில் மூத்தவர். “இருபத்திரண்டு காண்டத்துலயும் நீங்க கடையினும் கடையன்னுதானே சொல்லியிருக்கீங்க. நாங்க அதை நம்பிடுவோமா?”

சக்ரதரன் ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்று கையால் காட்டினான், வயல் இருக்கும் திசையில். வேலியோரம் ஒரு கிழவர் அந்தக் கையைப் பார்த்து மறுபடி கும்பிட்டார். மாகுணி தம்பியின் முகத்தைப் பார்த்தார். தன்னைத் திட்டிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் அவன் எப்போதோ பாட்டில் செலவழித்துவிட்டான். மிச்சம் ஒன்றும் இல்லை.

நடபர சுவாயின் துணி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு மாகுணி பக்கம் திரும்பினார். குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

“நான் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். பக்தனை அடிச்ச வீட்ல பிள்ளை தங்காதுன்னு பெரியவங்க சொல்வாங்க. தங்கலை பாருங்க. இவரு மன்னிச்சுட்டாரு. ஆனா நீங்க இத்தனை நாளா ஒரு வார்த்தை கேட்டீங்களா, தப்பு பண்ணிட்டேன்னு? இப்பக்கூட அவரைப் பேசவிட்டுட்டு உக்காந்திருக்கீங்க. அப்படி ஒரு வீட்ல எப்படி நான்...”

எழுந்துவிடுவார் போலிருந்தது. கொட்டில் பக்கம் கேதகி நின்றுகொண்டிருந்தாள். யாரோ கொடுத்த மஞ்சள் புடவை அவளுக்கு நீளமாக இருந்தது. முகத்தை மறுபக்கம் வைத்திருந்தாள்.

மாகுணி இரண்டு வழிகளையும் பார்த்தார். உண்மையைச் சொல்லலாம். அது சொல்லியாகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டியவனே சொல்லிவிட்டான். இனி அவர் சொன்னால் தம்பியின் நல்ல மனசைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்பார்கள். இன்னொரு வழியும் இருந்தது. அது அவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த வழி.

எழுந்தார். நாலு எட்டு நடந்தார். முட்டி ஒவ்வொன்றாக மடங்கியது. மூத்தவன் இளையவன் காலில் விழுந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சக்ரதரன் காலைப் பின்னால் இழுத்தான்.

“அண்ணே, என்ன பண்ற, எந்திரி.”

“இழுக்காதே,” என்றார் மாகுணி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “இழுத்தா மறுபடி முதல்லேர்ந்து விழணும். முட்டி தாங்காது.”

கால் அசையாமல் நின்றது. ஊறிய தோல், சூடாக இருந்தது. மாகுணி நெற்றியை அதில் வைத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பாவி நான். பக்தனை அடிச்சேன். அதுக்குத்தான் பெரியவர் எம் பிள்ளையை எடுத்துக்கிட்டாரு. என் தப்பு. என்னை மன்னிக்கணும்.”

இதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

‘ஹரி போல்’ இம்முறை தெருக்கோடிவரை போனது. பெண்கள் குலவையிட்டார்கள். சக்ரதரன் மட்டும் உள்ளங்கையிலிருந்த நிர்மால்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல. நடபர சுவாயின் ஓடிவந்து மாகுணியைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். “சம்பந்தி,” என்றார். முடிச்சிலிருந்து இரண்டு பருக்கை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு பருக்கையை மாகுணியின் வாயில் போட்டார். அறுப்பு முடிந்த வளர்பிறையில் ஐந்தாம் நாள் என்று தேதி முடிவானது. ஐந்து பேரில் மூத்தவர், இதையும் தாசர் ஒரு காண்டமாகப் பாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சக்ரதரன் பதில் சொல்லவில்லை. அதையும் அவர் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படகுக்குப் போனபிறகு, வேலியோரக் கூட்டம் கலைந்தபிறகு, அண்ணனும் தம்பியும் முற்றத்தில் மிஞ்சினார்கள். தாளிம்பா வெளியே வந்தாள். இரண்டு இலை போட்டாள். பழைய சோற்றை நீரோடு ஊற்றினாள், சுட்ட கத்தரிக்காயும் உப்பும் வைத்தாள்.

“அண்ணி,” என்றான் சக்ரதரன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

“நீ சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு.”

“விழுந்திருக்கும்.”

“எம் பிள்ளை உன் பாவத்துக்குச் செத்தான்னு ஊருக்கு முன்னால சொன்ன.”

“ஆமா.”

“நாளைக்கு அதையும் பாடுவாங்க.”

“பாடுவாங்க.”

கொட்டிலில் கேதகி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பாட்டுத்தான், எந்தக் காண்டம் என்று கேட்கவில்லை. தாளிம்பா குனிந்து மாகுணியின் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

“சாப்பிடு,” என்றாள். “உளுந்து பாதில நிக்குது.”

உள்ளே போனாள். உரல் மறுபடி ஓடத் தொடங்கியது.